ப்ரேயரில் வாய் அசைக்காத பிள்ளை: பள்ளியில் வழிபாடு கட்டாயமா?

#1 தெற்குவாசல்

மகள் ஆறாம் வகுப்பு. ஜூனில்தான் இந்தப் பள்ளியில் சேர்த்தோம். அரசு உதவி பெறும் பள்ளி, ஒரு மத அறக்கட்டளை நடத்துகிறது. எந்த மதம் என்று சொல்லப் போவதில்லை. எங்கள் மதம் எது என்றும் சொல்ல மாட்டேன். இரண்டும் வேறு வேறு, அவ்வளவுதான். பெயரைச் சொன்னால் இந்த இழை எந்தப் பக்கம் ஓடும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

காலை 9 மணிக்கு ப்ரேயர் பெல். பத்து நிமிடம் அவர்கள் கடவுளைப் பாட வேண்டும், கை கூப்ப வேண்டும், கண்ணை மூட வேண்டும். மகள் வரிசையில் நிற்கிறாள், ஆனால் பாடுவதில்லை. நாங்கள் சொல்லிக் கொடுத்தது அல்ல. போன வாரம் ஓர் ஆசிரியை வரிசைக்குள் வந்து ஒவ்வொரு பிள்ளையின் வாயையும் பார்த்துக்கொண்டே போயிருக்கிறார். இவளிடம் நின்று, "உனக்கு வாய் இல்லையா?" என்று கேட்டிருக்கிறார். அதன் பிறகு மூன்று நாள், ப்ரேயர் முடியும்வரை மேடைப் படிக்குப் பக்கத்தில் தனியாக நிற்க வைத்திருக்கிறார்கள்.

வீட்டில் அவள் மூச்சே விடவில்லை. நாலாம் நாள் ராத்திரி சாப்பிடும்போது கேட்டாள்: "நம்ம கடவுள் கோவிச்சுக்குவாரா, இல்ல அவங்க கடவுள் கோவிச்சுக்குவாரா?"

எனக்குச் சண்டை போட விருப்பமில்லை. இங்கிருந்து அடுத்த நல்ல பள்ளி பதினெட்டு கிலோமீட்டர். பாடம் நன்றாக நடத்துகிறார்கள். நான் கேட்பது இதுதான்: இப்படிக் கட்டாயப்படுத்த அவர்களுக்கு உரிமை உண்டா? இல்லையென்றால் அதை எப்படிப் போய்ப் பேசுவது?

#2 ராக்கெட்ராஜா

எந்த மதப் பள்ளி என்று முதலில் சொல்லுங்கள். அப்புறம் என் கருத்தைச் சொல்கிறேன்.

#3 கொள்ளிடக்கரை

ராஜா, அவர் ஏன் சொல்லவில்லை என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் யாராலும் கொடுக்க முடியாது.

#4 சட்டப்புத்தகம்

உரிமை இல்லை. அரசியலமைப்பின் 28ஆவது பிரிவைப் படியுங்கள், சின்னப் பிரிவுதான். முழுக்க முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமயப் போதனையே கூடாது என்கிறது முதல் உட்பிரிவு. அறக்கட்டளை தொடங்கி அரசு நிர்வகிக்கும் நிலையங்களுக்கு இரண்டாவது உட்பிரிவு விலக்குக் கொடுக்கிறது. உங்களுக்கு வேண்டியது மூன்றாவது. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியானாலும் சரி, அரசு நிதி வாங்கும் பள்ளியானாலும் சரி, அங்கே படிக்கும் ஒருவரைச் சமயப் போதனையில் பங்கேற்கவோ சமய வழிபாட்டுக்கு வரவோ கட்டாயப்படுத்தக் கூடாது, அவர் இசைவு தந்திருந்தால் ஒழிய. அவர் சிறுவர் என்றால் காப்பாளர் இசைவு தந்திருக்க வேண்டும்.

இதில் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. "விருப்பமில்லாதவர்கள் எழுதிக் கொடுத்து விலகிக்கொள்ளலாம்" என்று சட்டம் சொல்லவில்லை. இசைவு முதலில் வர வேண்டும், வழிபாடு அப்புறம். வேண்டாம் என்று பெற்றோர் போய் நிற்க வேண்டியதில்லை, வேண்டும் என்று பள்ளிதான் கேட்டு வாங்க வேண்டும். நடைமுறையில் எத்தனை பள்ளிகள் அப்படிக் கேட்கின்றன?

சிறுபான்மை நிர்வாகம் என்றாலும் இதேதான். 30ஆவது பிரிவு பள்ளி நடத்தும் உரிமையைத் தருகிறது, அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கும்பிட வைக்கும் உரிமையை அல்ல. மெட்ரிக், சிபிஎஸ்இ எதுவாக இருந்தாலும் அங்கீகாரம் பெற்றிருந்தால் இதற்குள் வந்துவிடும்.

#5 கரும்பலகை

உதவி பெறும் பள்ளி ஒன்றில் முப்பத்தோரு வருடம் ஆசிரியர், கடைசி ஆறு வருடம் தலைமை ஆசிரியர். சட்டப்புத்தகம் சார் சொல்வது சரி. ஆனால் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தெற்குவாசல் நாளைக் காலை உள்ளே நுழைந்தால் அது பிள்ளையின் தலையில்தான் விடியும்.

நான் பார்த்தவரையில் நிர்வாகத்தில் யாரும் "எல்லாரையும் மாற்றிவிட வேண்டும்" என்று உட்கார்ந்து திட்டம் போடுவதில்லை. ப்ரேயர் என்பது அவர்களுக்கு ஒழுங்கு. ஆயிரம் பிள்ளைகள் ஒரே நேரத்தில் அமைதியாக நிற்கும் பத்து நிமிடம் அது ஒன்றுதான். வாய் அசைக்காத பிள்ளை பிஇடி ஆசிரியர் கண்ணுக்கு மதம் மறுப்பவளாகத் தெரிவதில்லை, ஷூ போடாமல் வந்தவளைப் போலத் தெரிகிறாள். அதனால்தான் தண்டனையும் அதே தண்டனை: தனியாக நில்.

இதைச் சொல்வது அவர்களைக் காப்பாற்ற அல்ல. நானே ஒரு பையனை அப்படி நிற்க வைத்திருக்கிறேன், 1994இல். அவன் ஏன் பாடவில்லை என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. இன்று அவன் ஊரில் மெடிக்கல் கடை வைத்திருக்கிறான், மரியாதையாகத்தான் பேசுகிறான். நான்தான் அந்தக் கடைக்குப் போவதில்லை.

யோசனை ஒன்று: வகுப்பாசிரியரிடம் போகாதீர்கள், அவரால் முடிவெடுக்க முடியாது. தாளாளரிடமும் முதலிலேயே போகாதீர்கள், அது கௌரவப் பிரச்சினையாகிவிடும். மூன்றாவது பீரியடுக்கு மேல் தலைமை ஆசிரியரைப் பாருங்கள். காலை நேரத்தில் யாரும் யாருக்கும் காது கொடுக்க மாட்டார்கள்.

#6 ராக்கெட்ராஜா

பத்து நிமிடம் கண் மூடி நின்றால் என்ன தேய்ந்துவிடும்? நான் படித்தது வேறு மதத்துக்காரர்கள் பள்ளியில்தான். எல்லாப் பாட்டும் இன்றைக்கும் மனப்பாடம். மதம் மாறிவிட்டேனா? பாட்டுதானே, பாடிவிட்டுப் போகட்டும். எல்லா நதியும் ஒரே கடலுக்குத்தான் போகிறது.

#7 கொள்ளிடக்கரை

எல்லா நதியும் கடலுக்குப் போகிறது என்றால் அந்தப் பிள்ளை தன் நதியிலேயே போகட்டுமே, ஏன் கால்வாய் வெட்டித் திருப்ப வேண்டும்? கொள்ளிடத்துக்காரனிடம் வந்து ஆற்று உதாரணமா?

உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்லது. எனக்கும் ஆகவில்லை. அதற்காக அவளுக்கும் ஒன்றும் ஆகக் கூடாது என்று நாம் எப்படி முடிவு செய்வது? அவள் கேட்ட கேள்வியைத் திரும்பப் படியுங்கள். பதினோரு வயதில் இரண்டு கடவுளுக்கும் நடுவில் பஞ்சாயத்துப் பண்ணிக்கொண்டிருக்கிறாள்.

#8 சாட்சிவீட்டுப்பையன்

ரொம்ப நாளாக இங்கே படிக்க மட்டும்தான் செய்கிறேன். இதற்காகவே உள்ளே வந்தேன்.

நான் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவச் சபைக் குடும்பத்தில் வளர்ந்தவன், கன்னியாகுமரி மாவட்டம். இப்போது அந்தச் சபையில் இல்லை, அது வேறு கதை. எங்களுக்கு ப்ரேயர் மட்டுமல்ல, தேசிய கீதமும் பாடக் கூடாது. எழுந்து நிற்போம், பாட மாட்டோம். என் பள்ளியில் ஒரு சார் கேட்டார், "டேய், நீ பாகிஸ்தானா?" எனக்குப் பாகிஸ்தான் எந்தத் திசையில் இருக்கிறது என்றே அப்போது தெரியாது.

அப்பா அன்று ராத்திரி ஒரு தாளை எடுத்துக் காட்டினார். பிஜோ இம்மானுவேல் வழக்கின் தீர்ப்பு நகல். எங்கள் வீடுகளில் பைபிளுக்குப் பக்கத்தில் அது இருக்கும். கோட்டயம் மாவட்டம் கிடங்கூரில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர், பத்தாவது, ஒன்பதாவது, ஐந்தாவது. தினமும் கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை, அவ்வளவுதான். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1985 ஜூலையில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் கண்ணில் பட்டது, சட்டசபையில் கேள்வியானது, விசாரணைக் குழு வந்தது. பிள்ளைகள் ஒழுங்கானவர்கள், கீதத்தை அவமதிக்கவில்லை என்று அந்தக் குழுவே சொன்னது. இருந்தும் ஜூலை 26 அன்று மூவரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். கேரள உயர் நீதிமன்றம் கைவிரித்தது. 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் திரும்பச் சேர்க்கச் சொன்னது. நீதிபதி சின்னப்ப ரெட்டி அந்தத் தீர்ப்பில் அந்த எம்எல்ஏவை "தேசபக்தி மிக்க ஒரு கனவான்" என்ற பொருளில் எழுதியிருப்பார். அந்த இடத்தை அப்பா படிக்கும்போது மட்டும் லேசாகச் சிரிப்பார். மற்றபடி சிரிக்காத மனிதர்.

தெற்குவாசல் அண்ணா, தனியாக நிற்க வைத்த மூன்று நாளை உங்கள் மகள் மறக்க மாட்டாள். வழக்கில் ஜெயித்தாலும் மறக்க மாட்டாள். அதையும் கணக்கில் வையுங்கள்.

#9 ராக்கெட்ராஜா

தேசிய கீதம் வேறு, சாமி பாட்டு வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்ப வேண்டாம். கீதம் பாட மாட்டேன் என்பதை என்னால் ஏற்க முடியாது.

#10 சட்டப்புத்தகம்

வேறுதான் ராஜா, நான் அதை உங்களுக்கு எதிராகவே திருப்பிப் போடுகிறேன். நாட்டுக்கே பொதுவான கீதத்தையே பாடு என்று கட்டாயப்படுத்த முடியாது என்றால், ஒரு மதத்தின் பாட்டை எப்படிக் கட்டாயப்படுத்துவது?

அந்தத் தீர்ப்பில் இன்னொரு விஷயம் இருக்கிறது, பெற்றோருக்கு அதுதான் ரொம்பப் பயன்படும். கேரளக் கல்வித் துறை 1961லும் 1970லும் அனுப்பிய சுற்றறிக்கைகளைக் காட்டித்தான் அரசு வாதாடியது. சுற்றறிக்கை சட்டமாகாது என்றது நீதிமன்றம். அடிப்படை உரிமையைக் குறைக்க வேண்டுமானால் சட்டம் வேண்டும், இயக்குநரின் கையெழுத்துப் போதாது. பேச்சுரிமைக்குள் பேசாமல் இருக்கும் உரிமையும் அடக்கம். தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் 1971 கூட, கீதம் பாடுவதைத் தடுப்பவரையும் பாடும் கூட்டத்தைக் குலைப்பவரையும்தான் தண்டிக்கிறது, வாய் திறக்காதவரை அல்ல. ஆகவே "எங்கள் பள்ளி விதி" என்று யாராவது சொன்னால், பணிவாக ஒரு நகல் கேளுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

அமெரிக்காவில் இதே சபைப் பிள்ளைகள் கொடி வணக்கம் செய்ய மறுத்து 1940இல் தோற்றார்கள், 1943இல் ஜெயித்தார்கள். மூன்றே வருடத்தில் அந்த நீதிமன்றம் தன் வாக்கைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டது. நம் நீதிபதிகள் அதையும் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள்.

#11 வெம்பிளிவாசி

இங்கே லண்டனில் கதை நேர் எதிர். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துப் பல மாதம் கழித்துத்தான் எனக்கே தெரியும்: இங்கிலாந்தில் அரசுப் பள்ளிகளில் தினமும் கூட்டு வழிபாடு சட்டப்படி கட்டாயம்! 1944 கல்விச் சட்டத்தில் தொடங்கியது, 1988இல் அது "பெரும்பாலும் பொதுவான கிறிஸ்தவத் தன்மை" உள்ளதாக இருக்க வேண்டும் என்று இறுக்கினார்கள். மதச்சார்பின்மை என்று எழுதி வைத்த நாட்டிலிருந்து வந்தவளுக்கு இது பெரிய வியப்பு.

நடப்பில் நிறையப் பள்ளிகள் கண்டுகொள்வதில்லை. அசெம்பிளியில் அன்பாக இரு, குப்பை போடாதே என்பதோடு முடிந்துவிடும். இந்துக்கள், முஸ்லிம்கள் அதிகமுள்ள பள்ளி அந்தக் கிறிஸ்தவ நிபந்தனையை நீக்கச் சொல்லி உள்ளூர்க் குழுவிடம் கேட்கலாம். பெற்றோர் எழுதிக் கொடுத்தால் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம். ஆறாம் படிவப் பிள்ளைகள் (நம் ஊர் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ போல) 2007 முதல் தாங்களே விலகலாம்.

இந்த "விலக்கிக்கொள்ளலாம்" என்பதில்தான் எனக்குச் சண்டை. விலக்கினால் பிள்ளை எங்கே போகும்? நூலகத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும். என் தோழியின் மகனை அப்படி விலக்கினார்கள், இரண்டே வாரத்தில் "அம்மா, என்னைத் திரும்ப உள்ளே விடு" என்றான். சாமி பிடித்து அல்ல, சிநேகிதர்கள் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள்.

2025 நவம்பரில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் வட அயர்லாந்து வழக்கு ஒன்றில் இதைத்தான் சொன்னது. பெல்ஃபாஸ்டில் ஒரு சிறுமி, பெற்றோருக்கு மத நம்பிக்கை கிடையாது. பிள்ளை வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் சொல்லத் தொடங்கியிருக்கிறாள், பள்ளியில் கற்றது. அங்குள்ள சமயப் பாடமும் கூட்டு வழிபாடும் பல கோணங்களைக் காட்டாமல் ஒரே பக்கமாக இருக்கின்றன, மனித உரிமை உடன்படிக்கைக்கு முரண் என்று தீர்ப்பு. "வேண்டாமென்றால் விலக்கிக்கொள்ளலாமே" என்ற பதில் எடுபடவில்லை. அப்படி விலக்குவதே பெற்றோர் மீது பாரம், பிள்ளையை வேறாகக் காட்டிவிடும் என்றார்கள்.

சட்டப்புத்தகம் சொன்ன "இசைவு முதலில்" என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே இருந்து பார்த்தால்தான் தெரிகிறது. உங்கள் சட்டத்தில் 1950லேயே அது இருக்கிறது.

#12 கீழக்கரைக்காரி

சட்டத்தில் இருப்பது இருக்கட்டும் அக்கா, மைதானத்தில் எங்கே இருக்கிறது?

அரசுப் பள்ளியில் படித்த முஸ்லிம் பெண் நான். சரஸ்வதி பூஜைக்குச் சுண்டல் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன், பொட்டு வைக்க வந்தால் நெற்றியைத் திருப்பிக்கொள்வேன், டீச்சரும் சிரித்துவிட்டுப் போவார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. இதையும் சொல்ல வேண்டும் அல்லவா? எல்லா ஊரும் வாயைப் பார்க்கிற ஊர் அல்ல.

எங்கள் ஆட்கள் நடத்தும் பள்ளிகளைப் பற்றியும் பேசுகிறேன், இல்லாவிட்டால் ராஜா அண்ணன் கேட்பார். என் அக்கா அப்படி ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறாள். காலையில் கிராஅத், அதாவது குர்ஆன் வசனங்கள், ஓதுவார்கள், இந்துப் பிள்ளைகளும் வரிசையில் நிற்பார்கள். கட்டாயமா என்றால் இல்லை என்பார்கள். யாராவது நிற்காமல் இருந்திருக்கிறார்களா என்று கேட்டேன். அக்காவுக்குப் பதில் தெரியவில்லை. யாரும் அவர்களைக் கேட்டதே இல்லை. வந்தே மாதரம் பாடச் சொன்னால் எங்களுக்கு எப்படி இருக்கிறதோ, அந்தப் பிள்ளைகளுக்கும் அப்படித்தானே இருக்கும்?

#13 சட்டப்புத்தகம்

வந்தே மாதரம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது, கொஞ்சம் திசை மாறுகிறேன். 2017 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் எல்லாப் பள்ளிகளிலும் வாரம் ஒரு முறையாவது அதைப் பாட வேண்டும் என்றது. வழக்கு எதற்காகத் தெரியுமா? ஆசிரியர் தேர்வில் ஒரு மதிப்பெண்! வந்தே மாதரம் முதலில் எழுதப்பட்டது எந்த மொழியில் என்று கேள்வி. ஒருவர் வங்காளம் என்று எழுதினார், விடைத்தாளில் சமஸ்கிருதம் என்று இருந்தது, ஒரு மதிப்பெண்ணில் வேலை போயிற்று. அவர் கேட்டது அந்த ஒரு மதிப்பெண்ணை. கிடைத்தது மாநிலத்துக்கே பாட்டு. சரியான காரணம் இருந்தால் யாரையும் பாடக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அதே தீர்ப்பிலேயே இருக்கிறது, அதைப் பத்திரிகைகள் கடைசிப் பத்தியில்தான் போட்டன.

#14 கொள்ளிடக்கரை

கேந்திரிய வித்யாலயா வழக்கு என்ன ஆயிற்று? "அசதோ மா" பிரச்சினை.

#15 சட்டப்புத்தகம்

2017இல் மத்தியப் பிரதேச வழக்கறிஞர் ஒருவர் போட்டது. அந்தப் பள்ளிகள் முழுக்க மத்திய அரசின் பணத்தில் நடப்பவை. அங்கே சமஸ்கிருத, இந்திப் பிரார்த்தனை கட்டாயம், அது சமயப் போதனைதான் என்பது அவர் வாதம். "அசதோ மா" என்ற பிருகதாரண்யக உபநிடத வரி எல்லாருக்கும் பொதுவான உண்மை, நீதிமன்ற முத்திரையில்கூட மகாபாரத வரி இருக்கிறதே என்றது அரசுத் தரப்பு. 2019 ஜனவரியில் இரண்டு நீதிபதிகள் இதை அரசியல் சாசன அமர்வு பார்க்கட்டும் என்று அனுப்பினார்கள்.

பொதுவான பிரார்த்தனை என்ற வாதம் நியூயார்க்கிலும் எழுந்தது. எந்த மதத்தின் பெயரும் இல்லாமல் 22 சொற்களில் ஒரு ஜெபம், அதை அரசுக் குழுவே எழுதிக் கொடுத்தது, வேண்டாதவர்கள் சொல்லாமல் இருக்கலாம் என்றும் இருந்தது. 1962இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதையும் அடித்துவிட்டது. ஜெபம் எழுதுவது அரசாங்கத்தின் வேலையே இல்லை என்பதுதான் சாரம்.

#16 வடமராட்சியான்

எங்கள் பக்கத்துக் கதையையும் கொஞ்சம் கதைக்கிறேன். இலங்கையில் சமயம் ஒரு கட்டாயப் பாடம். சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் படிக்கத்தான் வேண்டும், ஆனால் அவரவர் சமயத்தை. சைவப் பிள்ளைக்குச் சைவநெறி, கத்தோலிக்கப் பிள்ளைக்குக் கத்தோலிக்கம், இப்படி. கேட்க நியாயமாக இருக்கும். பாடசாலையில் ஒரு சமயத்துக்கு ஆசிரியர் இல்லாவிட்டால்தான் சிக்கல் தெரியும், அந்தப் பிள்ளை வேறு வகுப்பில் பின்வாங்கில் (கடைசி பெஞ்சில்) இருந்து தன்பாட்டில் படிக்க வேண்டும். "எனக்குச் சமயமே இல்லை" என்று சொல்லும் பிள்ளைக்கு அங்கே கட்டமே கிடையாது.

பழைய கதை ஒன்றும் இருக்கிறது. வண்ணார்பண்ணையில் வெஸ்லியன் மிஷன் ஆங்கிலப் பாடசாலைக்குத் திருநீறு பூசிக்கொண்டு போன பிள்ளைகளை வெளியேற்றினார்கள். அதற்குப் பதிலாக ஆறுமுக நாவலர் 1872இல் சைவ ஆங்கிலப் பாடசாலை ஒன்றைத் தொடங்கினார். அதற்கு முன்பே 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலை. நாவலரே மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே படிப்பித்து, பேர்சிவல் பாதிரியாரோடு சேர்ந்து பைபிளை மொழிபெயர்த்தவர். நெற்றியை அழி என்று சொன்னவர்களுக்குப் பதிலாக அவர் பாடசாலை கட்டினார். ஆனால் அப்படிக் கட்டிய எங்கள் சைவப் பாடசாலைகளில், வேதக்கார (கிறிஸ்தவ) பிள்ளை காலையில் தேவாரத்துக்கு எழும்பி நிற்கும்போது அதன் மனதில் என்ன ஓடும் என்று நாங்களும் கேட்டதில்லை. கீழக்கரைக்காரி சொன்னதைப் படித்ததும் இதுதான் மனதில் வந்தது.

#17 ராக்கெட்ராஜா

சரி, ஒரு கேள்வி. இப்படி எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் தமிழ்த்தாய் வாழ்த்தையும் எடுப்பீர்களா? அதுவும் வணக்கம்தானே? அதற்கு எழுந்து நிற்காவிட்டால் மட்டும் எல்லாருக்கும் கோபம் வருகிறது.

#18 கரும்பலகை

நல்ல கேள்வி, ராஜா. கிண்டலாகச் சொல்லவில்லை.

மனோன்மணீயத்தில் அந்தப் பகுதிக்குத் தலைப்பே "தமிழ்த் தெய்வ வணக்கம்". 1970இல் அரசு எடுத்துக்கொண்டபோது சில வரிகளை விட்டுவிட்டார்கள். ஆரியம்போல் வழக்கொழியவில்லை என்ற வரி போனதைத்தான் எல்லாரும் பேசுவார்கள். கூடவே போன இன்னொரு வரியில் "எல்லையறு பரம்பொருள்" இருந்தது. கடவுளையும் சத்தமில்லாமல் இறக்கி வைத்துவிட்டுத்தான் பாட்டைப் பள்ளிக்குள் விட்டார்கள். தெரிந்து செய்தார்களோ என்னவோ, எனக்கு அது பிடித்திருக்கிறது. 2021 டிசம்பரில் அது மாநிலப் பாடலானது, 55 விநாடி, எழுந்து நிற்க வேண்டும். நிற்பது ஒன்று, வாய் அசைகிறதா என்று வரிசைக்குள் புகுந்து பார்ப்பது வேறு. என் பள்ளியில் அதைப் பாடாத பிள்ளை இருந்திருந்தாலும் நான் கேட்டிருக்கக் கூடாது என்றுதான் இன்று சொல்வேன்.

பெயரையும் பாருங்கள். அரசுப் பள்ளியிலும் காலையில் நடப்பதை "வழிபாட்டுக் கூட்டம்" என்கிறோம், "இறைவணக்கம்" என்கிறோம். பாதிக்கு மேல் உறுதிமொழி, குறள், தலைப்புச் செய்திதான். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த மேடைக்கு ஒரு மவுசு உண்டு, எவன் ஏறினாலும் பிள்ளைகள் நம்பும். 2024இல் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில் தன்னம்பிக்கைப் பேச்சு என்று வந்தவர் முற்பிறவிப் பாவம், மறுபிறவி என்று பேசினார். பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து கேட்டார். மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் அங்கே இருந்திருந்தால் எழுந்திருப்பேனா என்று பல நாள் யோசித்தேன்.

#19 மட்டுறுத்துநர்

"எந்த மதப் பள்ளி" என்று ஊகித்து எழுதிய ஒன்பது பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. ஐந்து பேர் ஒரு மதத்தையும் நாலு பேர் இன்னொன்றையும் அடித்துச் சொல்லியிருந்தீர்கள். போதும்.

#20 வெம்பிளிவாசி

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வெம்பிளியிலேயே ஒரு பள்ளி, மதிய இடைவேளையில் மாணவர்கள் தொழக் கூடாது என்று தடை போட்டது. ஒரு முஸ்லிம் மாணவி வழக்குப் போட்டாள். 2024 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் பள்ளியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கடுமையான பள்ளி என்று தெரிந்துதானே சேர்ந்தாய் என்பதும் அதில் ஒரு காரணம். கும்பிடச் சொல்வதும் கும்பிடாதே என்பதும் ஒரே கை என்றுதான் எனக்குத் தோன்றியது. இங்கே உள்ள தமிழ் அம்மாக்களில் பாதிப் பேர் பள்ளியின் பக்கம். ரிசல்ட் நன்றாக வருகிறதாம்.

#21 தெற்குவாசல்

எல்லாருக்கும் நன்றி. இன்று போய் வந்தேன். கரும்பலகை சார் சொன்னபடி மூன்றாவது பீரியடுக்கு அப்புறம்.

தலைமை ஆசிரியை அமைதியாகக் கேட்டார். நான் 28(3) என்று ஆரம்பித்ததும் அலமாரியைத் திறந்து மகளின் சேர்க்கை விண்ணப்பத்தை எடுத்து வைத்தார். இரண்டாம் பக்கம், கீழே, பொடி எழுத்தில்: "பள்ளியின் ஒழுக்க, ஆன்மிக நிகழ்ச்சிகளில் என் பிள்ளை பங்கேற்க முழு மனதுடன் இசைகிறேன்." கீழே என் கையெழுத்து. ஜூன் மாதம் நானே போட்டது. சீருடை அளவு எழுதும் பக்கம் அது.

சட்டப்புத்தகம் சார், இசைவு கேட்டு வாங்குவதில்லை என்று எழுதினீர்கள். வாங்கியிருக்கிறார்கள்!

#22 சட்டப்புத்தகம்

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தந்த இசைவைத் திரும்பப் பெறக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை. ஒரு வரி எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள்.

#23 தெற்குவாசல்

அதைத்தான் செய்தேன், அங்கேயே ஒரு வெள்ளைத்தாள் கேட்டு. கோபப்படவில்லை அவர். தனியாக நிற்க வைத்தது தவறு, அது இனி நடக்காது என்றார். வாயைப் பார்த்த ஆசிரியையைக் கூப்பிடட்டுமா என்றார், வேண்டாம் என்றேன். அப்புறம் இரண்டு வழி சொன்னார். ஒன்று, வரிசையில் நிற்கட்டும், பாட வேண்டாம், கை கூப்ப வேண்டாம், யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டு, ப்ரேயர் முடிந்து 9.10க்கு வரட்டும்.

நான் இரண்டாவதுதான் சரி என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டால் அவளுக்கு முதலாவது. "தனியா வந்தா எல்லாரும் பாப்பாங்கப்பா." வெம்பிளி அக்கா எழுதியது அப்படியே. ஒரு மணி நேரம் பேசிய பிறகு, ஒரு வாரம் 9.10க்குப் போய்ப் பார்க்கிறேன் என்றாள். பெரிய மனது பண்ணி.

#24 கீழக்கரைக்காரி

கேட்டை 9 மணிக்குப் பூட்டிவிடுவார்களே? லேட் ரிஜிஸ்டர்?

#25 தெற்குவாசல்

அதே பிரச்சினைதான். வாட்ச்மேனிடம் காட்ட ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்கள், முத்திரையோடு.

#26 கரும்பலகை

வேலை செய்கிறதா?

#27 தெற்குவாசல்

முதல் நாள் செய்தது. இரண்டாம் நாள் சீட்டைத் தொலைத்துவிட்டாள். தொலைத்தாளா, தொலைந்ததா என்று தெரியவில்லை. 8.55க்கே உள்ளே போய் வரிசையில் நின்றுவிட்டாளாம். பாடினாயா என்று கேட்கவில்லை.